நீளத்துக்கு நியாயம் செய்யும் கட்டுரைகள்

ஒரு கட்டுரை நம்மிடம் ஒன்றரை மணி நேரத்தைக் கேட்கிறது என்றால், அதற்கு ஈடாக என்ன தரப்போகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அரைப் பத்தியில் முடிய வேண்டிய செய்தியைப் பத்துப் பக்கத்துக்கு இழுத்தால் அது நெடுங்கட்டுரை ஆகிவிடாது, வெறும் வளவளப்புதான். ஆனால் சுருக்கினால் உண்மை கெட்டுவிடும் விஷயங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் களத்தில் கிடந்து, தொடர்புடையவர்களைத் தேடித் தேடிப் பேசி, பழைய ஆவணங்களைப் புரட்டி எழுதப்படும் இதழியல் எழுத்தையே இங்கே நெடுங்கட்டுரை என்கிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக நாங்கள் ஐந்து பேர் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கூடி இத்தகைய கட்டுரைகளை வாசித்து வருகிறோம். ஒருவர் ஆங்கிலத்தில் வாசிப்பார். இன்னொருவர் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்வார். அவ்வாறு வாசித்தவற்றில், தமிழ் வாசகர் எவரும் தயங்காமல் தம் நேரத்தைக் கொடுக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறவற்றைப் பற்றியும், ஓரிரண்டில் எனக்கிருக்கும் மனக்குறைகளைப் பற்றியும் எழுதுகிறேன்.

முதலில் வைக்க வேண்டியது ஜான் ஹெர்சி எழுதிய ‘ஹிரோஷிமா’. 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட ‘நியூ யார்க்கர்’ இதழ் முழுவதும் இந்த ஒரு கட்டுரைதான். நான்கு பகுதிகளாக வெளியிடத் திட்டமிட்டிருந்ததை, ஆசிரியர் ஹரால்ட் ராஸும் அவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்த வில்லியம் ஷானும் ஒரே இதழில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். ஏறத்தாழ 30,000 சொற்கள். அட்டையிலோ, கோடைக்காலப் பூங்கா ஒன்றில் மக்கள் நிம்மதியாகப் பொழுதைக் கழிக்கும் படம். வழக்கமான கேலிச் சித்திரங்களை எதிர்பார்த்துப் புரட்டியவர்களுக்கு, 1945 ஆகஸ்ட் 6 காலை எட்டேகால் மணிக்கு, ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்த அந்த நொடியில், அந்த நகரின் ஆறு மனிதர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற விவரம் கிடைத்தது. ஒரு பெண் எழுத்தர் அலுவலகத்தில் தன் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து மேசைப் பெண்ணிடம் ஏதோ சொல்லத் தலையைத் திருப்புகிறார். ஒரு மருத்துவர் தம் சொந்த மருத்துவமனையின் தாழ்வாரத்தில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கிறார். மூன்று குழந்தைகளுடன் தனியாக வாழும் தையற்காரரின் விதவை மனைவி, தீத்தடுப்புப் பாதைக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டைத் தாமே இடிப்பதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மற்ற மூவர் ஒரு ஜெர்மானியப் பாதிரியார், ஓர் இளம் அறுவை மருத்துவர், ஒரு மெதடிஸ்ட் போதகர்.

இந்த ஆறு பேரை விட்டு ஹெர்சி எங்கும் விலகுவதில்லை. குண்டைப் போடலாமா கூடாதா என்ற விவாதத்தை அவர் எழுதவில்லை. அமெரிக்க வாசகர்களிடம் இரக்கம் காட்டும்படி ஓரிடத்திலும் கேட்கவில்லை. சினமோ அழுகையோ இல்லாத, ஏறக்குறைய மருத்துவக் குறிப்பைப் போன்ற நடை. செஞ்சிலுவை மருத்துவமனையில் 600 படுக்கைகள். அவை ஏற்கெனவே நிரம்பியிருந்தன. அன்று அங்கே வந்து சேர்ந்த காயம்பட்டோர் பத்தாயிரம் பேர். அங்கு காயமின்றித் தப்பிய ஒரே மருத்துவரான அந்த இளைஞர், தம் கண்ணாடி உடைந்துபோனதால், காயம்பட்ட ஒரு செவிலியரின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்கிறார். பார்வைக்குச் சரியாகப் பொருந்தாத அந்தக் கண்ணாடியோடு, முதலில் கைக்கு எட்டியவர்களுக்கெல்லாம் கட்டுப் போடுகிறார். பிறகு இலேசான காயக்காரர்களைக் கடந்து போகிறார். கடைசியில் இரத்தம் வடிந்து சாகாமல் தடுப்பது ஒன்றே தம்மால் ஆகக்கூடியது என்று தெரிந்துகொள்கிறார். எங்கள் வாசிப்புக் குழுவில், அரசு மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் இருக்கிறார். இந்தப் பகுதியை நான் தமிழில் சொல்லி முடித்ததும், “கண்ணாடியைக் குடுத்த நர்ஸு அப்புறம் என்ன பண்ணுனாங்கன்னு போட்டிருக்கா தம்பி?” என்று கேட்டார். பத்தியை மறுபடியும் தேடிப் பார்த்தோம். அந்தக் கேள்வியை எழுப்பும் அளவுக்கு ஒரு சிறு பொருளைக் கையில் கொடுத்துவிடுகிறாரே, அதுதான் ஹெர்சியின் எழுத்து. இன்னோர் இடம்: போதகர் ஆற்றங்கரையில் கிடப்பவர்களைப் படகில் ஏற்றக் கை கொடுக்கிறார், ஒரு பெண்ணின் கைகளைப் பிடித்து இழுத்ததும் தோல் கையுறையைப் போலக் கழன்று வந்துவிடுகிறது. இவர்கள் மனிதர்கள், இவர்கள் மனிதர்கள் என்று அவர் தமக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறார். இதைச் சுருக்கி எழுத முடியாது. சுருக்கினால் அது எண்ணிக்கையாகிவிடும். எண்ணிக்கை 1946-லேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஹெர்சி 1985-ல் மறுபடியும் இந்த ஆறு பேரின் வாழ்க்கையைத் தொடர்ந்து சென்று ஒரு பின்தொடர் கட்டுரை எழுதினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, தாம் எழுதிய மனிதர்களிடமே திரும்பிப் போவது எந்தத் தொழிலிலும் அரிதான காரியம். இரண்டையும் சேர்த்தே படியுங்கள். ஆனால் ஒரே நாளில் வேண்டாம்.

இரண்டாவதாக நான் பரிந்துரைப்பது டேவிட் கிரான் 2009 செப்டம்பரில் அதே இதழில் எழுதிய ‘டிரையல் பை ஃபயர்’. டெக்சாஸ் மாநிலத்தின் கோர்சிகானா என்ற சிற்றூரில், 1991 டிசம்பர் 23 அன்று ஒரு வீடு தீப்பற்றியது. உள்ளே இருந்த மூன்று பெண் குழந்தைகளும் இறந்துவிட்டார்கள். தந்தை கேமரன் டாட் வில்லிங்ஹாம் உயிர் தப்பினார். அவரே தீ வைத்தார் என்று தீர்ப்பாகி, 2004 பிப்ரவரி 17 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இந்தக் கட்டுரை அமைக்கப்பட்டிருக்கும் விதத்தில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. முதல் பகுதியில் கிரான் நம்மைத் தீயணைப்புப் புலனாய்வாளர்களின் பக்கத்தில் நிறுத்துகிறார். தரையில் குட்டை குட்டையாகக் கருகிய தடம், வலைப்பின்னலாய் விரிசல் விட்ட கண்ணாடி, வாசலருகே எரிந்த கட்டை: ஒவ்வொன்றும் எரிபொருள் ஊற்றப்பட்டதற்குச் சான்று என்று அவர்கள் சொல்கிறார்கள். நமக்கும் அப்படியே தோன்றுகிறது. நான் அந்த மனிதரை வெறுத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பிறகு கட்டுரை மெல்லத் திரும்புகிறது. ஹூஸ்டனைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, கைதிகளுக்குக் கடிதம் எழுதும் ஒரு ஏற்பாட்டின் வழியாக வில்லிங்ஹாமை அறிமுகம் செய்துகொண்டு, சாட்சிகளைத் தாமே தேடிப் போகிறார். முதல் வாக்குமூலத்தில் குழந்தைகளுக்காகக் கதறிய தந்தையைப் பற்றிச் சொன்ன அண்டை வீட்டார், அவர் மீது சந்தேகம் விழுந்த பிறகு கொடுத்த வாக்குமூலத்தில் அதே காட்சியை வேறு மாதிரி சொல்லியிருப்பது தெரிகிறது. கடைசி வாரங்களில் ஜெரால்டு ஹர்ஸ்ட் என்ற தீ அறிவியலாளர் ஆவணங்களைப் படித்துவிட்டு, தீ வைக்கப்பட்டதற்கான சான்று ஒன்றுகூட இல்லை என்று அறிக்கை எழுதுகிறார். விரிசல் விட்ட கண்ணாடி எரிபொருளால் ஆனதன்று. சூடான கண்ணாடி மேல் தீயணைப்புக் குழாயின் நீர் பட்டால் அப்படித்தான் விரியும். அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் நிலை வந்துவிட்டால், எரிபொருள் ஊற்றாத தரையிலும் குட்டைத் தடங்கள் விழும். இதற்கு ஆதாரமாக ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் நடந்த ஒரு சோதனையைக் கிரான் விவரிக்கிறார். இடிக்கப்படவிருந்த ஒரு வீட்டில், எரிபொருள் எதுவும் சேர்க்காமல் சோபாவில் தீ மூட்டினார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுவதும் பற்றிக்கொண்டது. தரையில் அதே தடங்கள். அந்தச் சோதனை நடந்தது 1991-ல், வில்லிங்ஹாமின் வீடு எரிந்த அதே ஆண்டில் என்பதைப் படித்தபோது கட்டுரையை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

இந்தக் கட்டுரை நீளமாக இருக்க வேண்டியதன் காரணம் இதுவே. வாசகரை முதலில் தவறாக நம்ப வைத்து, அந்த நம்பிக்கையை அவர் கையாலேயே ஒவ்வோர் இழையாகப் பிரிக்க வைக்கிறது. இரண்டு நாளில் முடிந்த விசாரணை, ஏறத்தாழ ஒரு மணி நேரமே நீடித்த நடுவர் குழுவின் ஆலோசனை, அவருடைய வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த இசைக்குழுச் சுவரொட்டிகளைக் கொண்டு அவருடைய மனநிலையைக் கணித்த நிபுணர் எனக் கட்டுரை அடுக்கிக்கொண்டே போகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆயுள் தண்டனையோடு தப்பலாம் என்று சொல்லப்பட்டபோது, செய்யாததை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அவர் மறுத்தார். சட்டம் படிக்கும் மாணவர் வீட்டில் இருந்தால் இதை முதலில் அவர் கையில் கொடுங்கள்.

நிலவியல் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறவர்களுக்காகவே எழுதப்பட்டது போன்றது கேத்ரின் ஷூல்ஸின் ‘தி ரியலி பிக் ஒன்’. 2015 ஜூலையில் வெளிவந்து, மறு ஆண்டு சிறப்புக் கட்டுரைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. அமெரிக்காவின் வடமேற்குக் கரையை ஒட்டி, கலிபோர்னியாவின் மெண்டசினோ முனையிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை, கடலுக்கடியில் 700 மைல் நீளத்துக்குக் கிடக்கும் காஸ்கேடியா நிலத்தட்டு எல்லையில், அதாவது பூமி மேலோட்டின் இரண்டு பாறைத்தட்டுகள் சந்திக்கும் இடத்தில், வரக்கூடிய பெரும் நிலநடுக்கத்தைப் பற்றியது. அதை ஷூல்ஸ் விளக்கும் முறையை நீங்களே இப்போது செய்து பார்க்கலாம். இரண்டு உள்ளங்கைகளையும் கீழ்நோக்கி வைத்து, நடுவிரல் நுனிகள் ஒன்றையொன்று தொடும்படி நீட்டிக்கொள்ளுங்கள். வலது கை வட அமெரிக்கத் தட்டு. இடது கை கடலடியில் உள்ள சிறிய தட்டு. இடது கையை வலது கைக்கு அடியில் தள்ளுங்கள். விரல் நுனிகள் மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொண்டால், வலது கையின் முட்டிகள் மேலே எழும்பும். அந்த எழும்பல்தான் இப்போது அங்கே நடந்துகொண்டிருக்கிறது. மாட்டல் விடுபடும் நாளில் முட்டிகள் கீழே விழும், விரல்கள் முன்னே பாயும், அவற்றின் மேல் நிற்கும் கடலும் சேர்ந்து அசையும். எங்கள் அறையில் ஐந்து பேரும் கைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நிலத்தட்டு என்ற சொல்லை 2004-க்குப் பிறகு எத்தனையோ முறை செய்தித்தாளில் படித்திருந்தும், நாகப்பட்டினத்தையும் கடலூரையும் விழுங்கிய அந்த டிசம்பர் 26 காலை அலை சுமத்ராவுக்கு அருகில் எப்படிப் புறப்பட்டது என்பது அன்றுதான் எனக்குக் கைவழியாகப் புரிந்தது. அதுவும் இதே வகை எல்லையில் உண்டான நிலநடுக்கமே.

கட்டுரையின் நடுவில் ஒரு துப்பறியும் கதையும் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலக் கரையில், உப்புநீரில் நின்றபடியே செத்துப்போன செடார் மரக்காடு. மரங்களின் வளர்ச்சி வளையங்களை எண்ணினால், அவை 1699 கோடைக்கும் 1700 வசந்தத்துக்கும் நடுவில் ஒரே சமயத்தில் இறந்திருப்பது தெரிகிறது. பசிபிக்கின் மறுகரையில், ஜப்பானியர்களின் பழைய பதிவேடுகளில், 1700 ஜனவரியில் நிலம் நடுங்காமலே வந்த ஓர் அலையைப் பற்றிய குறிப்பு. தாய் தெரியாத பிள்ளையைப் போல அது பதிவேட்டில் கிடந்தது. இரண்டையும் இணைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், காஸ்கேடியா கடைசியாக அசைந்தது 1700 ஜனவரி 26 இரவு ஒன்பது மணி வாக்கில் என்று கணித்தார்கள். வான்கூவர் தீவின் பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதையிலும், இரவில் நிலம் குலுங்கிக் கடல் ஊரை அடித்துக்கொண்டு போனது இருக்கிறது. கடந்த 10,000 ஆண்டுகளில் 41 பெரிய அசைவுகள், சராசரியாக 243 ஆண்டுகளுக்கு ஒன்று என்ற கணக்கு, கதைக்குப் பிறகு வரும்போது கனமாக இறங்குகிறது. என் ஒரே மனக்குறை, ஒரு பேரிடர் மேலாண்மை அதிகாரி சொன்ன ஒரு வரி: குறிப்பிட்ட நெடுஞ்சாலைக்கு மேற்கே எல்லாம் கருகிவிடும் என்ற பொருளில் அவர் பேசியது. எல்லோரும் அந்த வரியையே பிடித்துக்கொண்டார்கள். பீதி பரவியதால் ஷூல்ஸ் தற்காப்பு வழிகளை விளக்கி இன்னொரு கட்டுரை எழுத வேண்டியதாயிற்று. ஆரிகன் மாநிலத்தின் சீசைடு என்ற கடற்கரை ஊரில், அலை வந்தால் மூழ்கும் இடத்திலேயே பள்ளிகள் இருப்பதையும் கட்டுரை எடுத்துச் சொன்னது. அவற்றை மேட்டுநிலத்துக்கு மாற்றும் செலவை முன்பு மறுத்திருந்த ஊர்மக்கள், 2016-ல் வாக்களித்து ஏற்றுக்கொண்டார்கள்.

ஆற்றைப் பற்றி ஒன்று. ஜான் மெக்ஃபீ 1987 பிப்ரவரியில் எழுதிய ‘அச்சாஃபலாயா’. மிசிசிப்பி ஆறு லூசியானாவில் தன் கிளையான அச்சாஃபலாயாவின் பக்கம் முழுவதுமாகத் திரும்பிவிடத் துடிக்கிறது. அந்த வழியில் கடலுக்குத் தூரம் பாதிக்கும் குறைவு; சரிவும் அதிகம். தண்ணீருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் பழைய வழியில் நியூ ஆர்லியன்ஸ் இருக்கிறது, பேட்டன் ரூஜ் இருக்கிறது, வரிசையாகத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. எனவே நீரில் 30 விழுக்காடு மட்டும் கிளைக்குப் போகட்டும், மிச்சம் பழைய வழியிலேயே ஓடட்டும் என்று சட்டம் போட்டு, 1963-ல் ஒரு கட்டுப்பாட்டு அணையையும் கட்டி முடித்தார்கள். 1973 வெள்ளத்தில் அதன் பக்கச்சுவர் ஒன்று சரிந்தது; அடித்தளத்துக்குக் கீழே ஆறு பெரும்பள்ளம் தோண்டியது; மேலே நின்றவர்களின் காலடியில் அணை அதிர்ந்தது. மெக்ஃபீ படகில் ஏறி, ராணுவப் பொறியாளர்களோடும் ஆற்றோரத்து மக்களோடும் நாள்கணக்கில் பேசிக்கொண்டே போகிறார். ஆற்றைக் கட்டிவைத்த பெருமையும், அது ஒருநாள் போயே தீரும் என்ற தெளிவும் ஒரே பொறியாளரின் பேச்சில் வெளிப்படும் இடங்களை மெக்ஃபீ அப்படியே விட்டுவிடுகிறார், தீர்ப்புச் சொல்லாமல்.

இதைப் படிக்கும் காவிரிக்கரைக்காரர் எவருக்கும் முக்கொம்பு நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கேயும் ஆறு இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவு அதிகம், வழி நேர். காவிரியோ மணல் மேடிட்டு மேலே ஏறிக்கொண்டே இருந்தது. விட்டால் தண்ணீர் எல்லாம் கொள்ளிடத்தில் இறங்கித் தஞ்சை வயல் காய்ந்துவிடும் என்பதால்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு அதன் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டபோது, மறுநாள் செய்தித்தாள்களில் எத்தனை மதகு, எவ்வளவு கன அடி, யார் வந்து பார்வையிட்டார்கள் என்பதெல்லாம் வந்தன. 180 ஆண்டுகளுக்கும் மேலாக ஆற்றுக்கும் மனிதனுக்கும் அங்கே நடந்துவரும் இழுபறியை, மதகு ஏற்றி இறக்கும் பாசன ஊழியரின் வாயாலும், கடைமடை விவசாயியின் வாயாலும், பொதுப்பணித் துறையின் பழைய கோப்புகளிலிருந்தும் எடுத்து, ஐம்பது பக்கம் எழுத ஒருவருக்கு ஆறு மாத ஊதியம் கொடுத்து அனுப்பும் இதழ் நம்மிடம் வேண்டும் என்ற ஏக்கம், ‘அச்சாஃபலாயா’வைப் படித்த நாள் முதல் எனக்குள் இருக்கிறது.

இசைக்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால் எல்லோரும் ஜீன் வைன்கார்டனின் ‘பேர்ல்ஸ் பிஃபோர் பிரேக்ஃபாஸ்ட்’டைச் சொல்வார்கள், 2007 ஏப்ரலில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ வெளியிட்டது, மறு ஆண்டு புலிட்சர் பெற்றது. உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல், ஸ்ட்ராடிவாரி என்ற புகழ்பெற்ற இத்தாலியக் கைவினைஞர் 1713-ல் செய்த வயலினோடு, வாஷிங்டன் மெட்ரோ நிலையம் ஒன்றில் அலுவலக நேரத்தில் தெருப்பாடகரைப் போல 43 நிமிடம் வாசித்தார். கடந்து போனவர்கள் 1,097 பேர். நின்று கேட்டவர்கள் ஏழே பேர். பெட்டியில் விழுந்தது 32 டாலர் சொச்சம். குழந்தைகள் ஒவ்வொருவரும் நிற்கப் பார்த்ததும், ஒவ்வொரு பெற்றோரும் அவர்களை இழுத்துக்கொண்டு போனதும் மனத்தை விட்டு அகலாத இடம். எனினும் இந்தக் கட்டுரையை நான் இரண்டாம் வரிசையில்தான் வைப்பேன். அழகு பற்றிய தத்துவ மேற்கோள்களைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். காலை எட்டு மணிக்கு வேலைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்து ரசனை இல்லாதவர்கள் என்று சொல்லாமல் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை.

‘நியூ யார்க் டைம்ஸ்’ 2012 டிசம்பரில் வெளியிட்ட ஜான் பிராஞ்சின் ‘ஸ்னோ ஃபால்’, வாஷிங்டன் மாநில மலையில் பனிச்சரிவு மூன்று பனிச்சறுக்கு வீரர்களைப் பலிகொண்ட கதை. இணையத்தில் நெடுங்கட்டுரையை எப்படிக் காட்டலாம் என்பதற்கு அது முன்னோடியாக அமைந்தது உண்மை. ஆனால் நகரும் வரைபடங்களும் காணொளிகளும் குறுக்கிட்டுக்கொண்டே இருப்பதால், பனிக்குள் புதைந்தவரின் மூச்சோடு நம் மூச்சும் ஒன்றும் வேளையில் கவனம் சிதறிவிடுகிறது. எழுத்தை மட்டும் படித்தால் இன்னும் நன்றாக இருக்கிறது.

ஷெரி ஃபிங்க் 2009-ல் எழுதிய ‘தி டெட்லி சாய்சஸ் அட் மெமோரியல்’ பற்றி ஓர் எச்சரிக்கையோடு சொல்கிறேன். 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு மின்சாரமின்றி வெள்ளம் சூழ்ந்து நின்ற நியூ ஆர்லியன்ஸ் மருத்துவமனை ஒன்றிலிருந்து 45 உடல்கள் எடுக்கப்பட்டன. அவர்களில் சிலருக்கு மரணத்தை விரைவுபடுத்தும் மருந்து செலுத்தப்பட்டதா என்ற கேள்வியை, தாமும் மருத்துவம் படித்தவரான ஃபிங்க் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தேடினார். யாரையும் அரக்கராக்காமல், யாரையும் விடுவிக்காமல் எழுதியிருக்கிறார். வீட்டில் நோயாளி இருக்கும் காலத்தில் படிக்க வேண்டாம். மற்றவர்கள் கட்டாயம் படியுங்கள்.

இவ்வளவும் அமெரிக்க எழுத்து, எல்லாம் ஆங்கிலம். நம் மண்ணைப் பற்றி, தமிழிலேயே படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் காட்டுவது, சென்னையில் பிறந்த பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ‘பாரி’ என்ற கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் களஞ்சியம். சந்தா இல்லை, விளம்பரம் இல்லை. கட்டுரைகள் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் கிடைக்கின்றன. சாய்நாத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாட்டின் மிக வறிய மாவட்டங்களில் அலைந்து எழுதியவர். அவற்றில் நம் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் உண்டு. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதைப் பற்றிய அவருடைய கட்டுரையை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அதை நெடுங்கட்டுரை என்று சொல்ல முடியாது. ஆனால் நெடுங்கட்டுரைக்கு வேண்டிய கண் அதில் இருக்கிறது. பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளில் ஏறிய பெண்கள், முன்னால் இருக்கும் அந்தக் குறுக்குக் கம்பி குழந்தையை உட்கார வைக்க வசதியாக இருக்கிறது என்று சொன்னதை அவர் குறித்து வைத்திருக்கிறார். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், தண்ணீர் சுமந்த பெண்கள், பேருந்துக்காகக் காத்துக் கிடந்தவர்கள் எல்லோருக்கும் சக்கரம் என்ன செய்தது என்பது அந்தக் கம்பியில் இருக்கிறது. வட இந்தியப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இதைப் படித்து வந்தார்கள்.

பாரியில் மதுரைக்காரரான எம். பழனி குமாரின் படக்கட்டுரைகளையும் தவறவிடாதீர்கள். இராமநாதபுரம் மாவட்டத்தின் பாரதிநகர்ப் பெண்கள் மூச்சடக்கிக் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பதைப் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றிக்கொள்கிறார்கள். கண்ணாடி அணிகிறார்கள். சேலைக்கு மேலே சட்டை போட்டுக்கொள்கிறார்கள். நீருக்கடியில் எடுத்த படங்களில், நாம் எங்கும் பார்த்திராத உழைப்பு தெரிகிறது. அந்தப் பெண்களின் உலகத்துக்குள் ஒரு மணி நேரத்தில் போய் வந்துவிட முடியாது, பல முறை போயிருந்தால்தான் இந்தப் படங்கள் கிடைத்திருக்கும் என்பது பார்த்ததுமே புரியும். எங்கள் குழுவில் இதை வாசித்த அன்று மொழிபெயர்த்துச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. செவிலியர் அக்காவே முழுவதையும் சத்தமாக வாசித்தார்.

இந்திய ஆங்கில இதழ்களில், 1940-ல் தொடங்கி இடையில் நின்று, 2010-ல் மீண்டும் வரத் தொடங்கிய ‘காரவன்’ அரசியல் மனிதர்களைப் பற்றிய நீண்ட எழுத்துக்குப் பெயர்பெற்றது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இனி நடைமுறை விஷயங்கள். அயல்நாட்டு இதழ்கள் பெரும்பாலும் சந்தா கேட்பவை. சில கட்டுரைகளை மட்டும் இலவசமாகக் காட்டுவார்கள். சந்தா கட்டும் முன், அதை நிறுத்தும் வழியைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டுக்கு மலிவாகக் கொடுத்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் கேட்காமலே பல மடங்கு எடுத்துக்கொண்ட ஓர் இதழிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெற எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, ‘ஹிரோஷிமா’ எளிய நடை; பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் தெரிந்தால் போதும். கிரானும் அப்படியே. ஷூல்ஸின் வாக்கியங்கள் நீண்டு வளைந்தாலும் தெளிவானவை. மெக்ஃபீதான் கடினம்: படகு, அணை, மண் பற்றிய தொழிற்சொற்கள் நிறைய வரும், வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறைந்துவிடும். கைபேசியில் படிப்பதானால் அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ‘ஹிரோஷிமா’வுக்கு எங்களுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன, தனியாகப் படித்தால் இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

இந்த வகை எழுத்துக்குப் புதியவராக இருந்தால் பாரதிநகர்ப் பெண்களிடமிருந்து தொடங்குங்கள். தமிழில் இருக்கிறது, காசு கேட்பதில்லை, அரை மணிக்குள் முடிந்துவிடும். அடுத்து கிரான், அதன் பின் ஷூல்ஸ். ஹெர்சிக்கு மட்டும் வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு விடுமுறை நாளை ஒதுக்கி வையுங்கள்.